குழந்தைகள் காட்சியில் நான் அடித்த விசில்

போன வருஷம், தீபாவளி முடிந்து சில வாரங்கள் இருக்கும். ஜொகூர் பாருவில், எங்கள் பேச்சில் ஜேபியில், ஒரு பேரங்காடியின் மேல் மாடித் திரையரங்கில், வேலை நாள் ஒன்றின் காலைக் காட்சியில் நடந்தது இது. இன்றைக்கு நினைத்தாலும் சிரிப்பு ஒரு பக்கம் வருகிறது, உடம்பு இன்னொரு பக்கம் சிலிர்க்கிறது.

முதலில் என்னைப் பற்றி ஒன்று சொல்லிவிடுகிறேன். நான் சரியான சினிமா பைத்தியம். பெக்கோக் என்ற சின்ன ஊரில் வளர்ந்தவள். அங்கிருந்து படம் பார்க்க அடுத்த ஊருக்குத்தான் போக வேண்டும். அண்ணன்கள் இரண்டு பேரோடும் போட்டி போட்டு விசில் அடிக்கக் கற்றுக்கொண்டேன். இரண்டு விரலை மடித்து நாக்குக்கு அடியில் வைத்து ஒரு ஊது ஊதினால் தியேட்டரே திரும்பிப் பார்க்கும். என் வீட்டுக்காரர் என்னை முதன்முதலில் பார்த்ததே அப்படித்தான். "எவன்டா இவ்ளோ பலமா அடிக்கிறான்னு திரும்பிப் பாத்தா, நீ நிக்கிற!" என்று இன்றும் எல்லாரிடமும் சொல்லிச் சிரிப்பார்.

அப்பேர்ப்பட்டவள் கல்யாணமாகி எப்படிப்பட்ட வீட்டுக்கு வந்தேன் தெரியுமா? சத்தமே கூடாத வீடு! அவருக்கு பாசிர் கூடாங்கில் ரசாயனத் தொழிற்சாலையில் ஷிஃப்ட் வேலை. இரவு ஷிஃப்ட் முடிந்து காலையில் கம்பெனி பஸ்ஸில் வந்து இறங்கினால், சாயந்தரம் வரை தூங்கியாக வேண்டும். தூங்காமல் போய் அங்கே வால்வைத் திருப்பினால் என்ன ஆகும் என்று யோசித்தாலே பயமாக இருக்கும். அதனால் எங்கள் ஃபிளாட்டில் பகல்தான் நடுச்சாமம். டிவி கிடையாது. கைப்பேசி மேஜையில் அதிரும், மணி அடிக்காது. குக்கர் அலமாரியில் தூங்கும், பருப்பை நான் சட்டியில் வேகவைப்பேன். ஷிஃப்ட்டுக்காரர்களைக் கட்டிக்கொண்ட பெண்களுக்கு இதை விளக்க வேண்டியதே இல்லை.

அந்த வீட்டுக்குத்தான் என் மகன் வந்தான்.

பிறந்த மறுநாள் ஆஸ்பத்திரியில் காதில் ஒரு சின்னக் கருவியை வைத்துச் சோதித்தார்கள். இரண்டு காதிலும் சரியாகப் பதிவாகவில்லை. "தண்ணி ஏதும் இருக்கலாம், ஒரு மாசம் கழிச்சுப் பார்ப்போம்" என்றார்கள். ஒரு மாதம் கழித்தும் அதே கதை. காது நிபுணரிடம் பெரிய சோதனை செய்ய வேண்டும் என்று நாள் குறித்துக் கொடுத்தார்கள். அதற்கு இன்னும் பல வாரம் இருந்தது.

நீங்கள் கேட்கலாம், வீட்டிலேயே பார்த்துவிட வேண்டியதுதானே என்று. ஒரு கைதட்டல் போதும். பிள்ளை திரும்புகிறானா இல்லையா என்று தெரிந்துவிடும். அந்த ஒரு கையைத்தான் என்னால் தட்ட முடியவில்லை. தட்டி, அவன் திரும்பாமல் போனால்? கீழே மோட்டார் சைக்கிள் உறுமும்போது சில நேரம் அவன் கை லேசாக ஆடும். சத்தத்துக்கா, தானாகவா என்று மனசு அடித்துக்கொள்ளும். என் அவரும் அப்படித்தான். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வாயை மட்டும் அசைத்துக் கொஞ்சுவார். இரண்டு பேரும் அதைப் பற்றிப் பேசிக்கொள்ளவே மாட்டோம். வெளியில் யாரிடமும் மூச்சு விடவில்லை.

இந்த நிலையில்தான் எதிர் வீட்டு அக்கா ஒரு நாள் கதவை நகத்தால் சுரண்டினார். எங்கள் வீட்டுக் கதவை அவர் தட்டவே மாட்டார், அவ்வளவு பழகிப்போனவர். அவருக்கும் எட்டு மாதப் பெண் குழந்தை உண்டு. கண்ணெல்லாம் மின்ன, கிசுகிசுப்பாகவே ஆரம்பித்தார்.

"ஏய், ஜேபில பேபி வெச்சிருக்கவங்களுக்குன்னே தனியா ஷோ போடுறாங்களாம்லா! லைட்ட பாதி போட்டுதான் வெப்பாங்களாம். சத்தம் கம்மியாம். பிள்ள அழுதா யாரும் ஒன்னும் சொல்ல மாட்டாங்களாம். இது வரைக்கும் இங்கிலீஷ் படந்தான் போட்டாங்க. இந்த வாட்டி தமிழ்ப் படம்!"

எந்தப் படம் என்று கேட்டேன். சொன்னார். ஐயோ! நான் கர்ப்பமாக இருந்தபோதிலிருந்து காத்துக் கிடந்த படம். பிரசவம், பத்தியம், பால், துணி என்று எல்லாம் சேர்ந்து அதை மறக்கடித்திருந்தது.

"வேணாங்க்கா, சுசா" என்றேன். நாங்கள் கஷ்டம் என்பதற்கு மலாயில் சொல்வது அப்படித்தான்.

"என்னா சுசா? கார் என்னோடது, டிக்கெட்டும் எடுத்தாச்சு. மூஞ்சியப் பாரு, வாடிப் போயிருக்கு. நாளைக்கு பத்து மணிக்கு கீழ நிக்கிற!"

என் அவரிடம் சொன்னதும் அவர் முகம் மலர்ந்தது. "போய்ட்டு வாயேன். எத்தன மாசமாச்சு நீ படம் பாத்து" என்றார். மறுநாள் காலை அவர் வந்து படுத்ததும் நான் பூனைபோல் கிளம்பினேன். மாதக்கணக்கில் நைட்டியிலேயே கிடந்தவள், ஒரு நல்ல சுடிதாரைப் போட்டு, கண்ணுக்கு மையும் வைத்துக்கொண்டேன். அவ்வளவு சந்தோஷம்!

அந்த அரங்கத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். வாசலில் தள்ளுவண்டிகள் வரிசையாக நிற்கின்றன. உள்ளே ஓர் ஓரத்தில் டயப்பர் மாற்ற மேஜை, அதன்மேல் மெத்தை. ஒரு அப்பா தோளில் துண்டைப் போட்டுக்கொண்டு பிள்ளைக்கு ஏப்பம் வரவைத்துக்கொண்டிருந்தார். இன்னொரு அம்மா படிக்கட்டில் நடந்து நடந்து தாலாட்டினார். பால் வாசமும் பாப்கார்ன் வாசமும் கலந்து அடித்தது. விளக்கு பாதி வெளிச்சத்தில் இருந்ததால் எல்லார் முகமும் தெரிந்தது. எல்லார் கண்ணுக்குக் கீழும் என்னைப் போலவே கருவளையம்! எனக்கு ஏனோ அழுகை வருகிற மாதிரி இருந்தது.

படம் தொடங்கும் முன் அரங்கு மேற்பார்வையாளர், முக்காடு போட்ட ஒரு மலாய்க்காரப் பெண்மணி, முன்னால் வந்து பேசினார். குழந்தைகளின் காது மென்மையானது, அதனால் ஒலியைக் குறைத்திருக்கிறோம், நீங்களும் கத்தாமல் பார்க்க வேண்டும் என்று அன்பாகக் கேட்டுக்கொண்டார். எனக்குச் சுருக்கென்றது. மடியில் என் மகன் அசந்து தூங்கிக்கொண்டிருந்தான். உனக்கு இதெல்லாம் தேவையாடா குட்டி என்று மனசுக்குள் கேட்டுக்கொண்டே அவன் தலையைத் தடவினேன்.

படம் ஆரம்பித்தது. கொஞ்ச நேரத்தில் எனக்கு எல்லாமே மறந்துபோனது. வில்லன் ஆட்கள் ஊரையே அடித்து நொறுக்குகிறார்கள். ஒரு கார் வந்து நிற்கிறது. கதவு திறக்கிறது. முதலில் காலணி. அப்புறம் கை. அப்புறம் அந்தத் திரும்பல்! ஹீரோ வந்துவிட்டார்!

அரங்கத்தில் ஒரு சத்தமும் இல்லை.

ஹீரோ வருகிறார், யாரும் கத்தவில்லை! இப்படி ஒரு அநியாயத்தை நான் ஜென்மத்தில் பார்த்ததில்லை. இதெல்லாம் நான் யோசித்துச் செய்ததில்லை, சத்தியமாகச் சொல்கிறேன். இடது கையில் பிள்ளை இருந்தான். வலது கை தானாக வாய்க்குப் போனது. இரண்டு விரல் மடிந்தது.

அடித்தேன் பாருங்கள் ஒரு விசில்! எத்தனை மாதமாக உள்ளே அடைந்து கிடந்ததோ, அத்தனையும் வெளியே வந்தது.

ஒரு நொடி அமைதி. அடுத்த நொடி மேல் வரிசையில் ஒரு குழந்தை வீல் என்றது. அதைக் கேட்டு இரண்டு. அப்புறம் மொத்த அரங்கமும்! எத்தனை குழந்தைகள் இருந்தனவோ அத்தனையும் கதறின. "அலமாக்!" என்று அக்கா தலையில் கை வைத்துக்கொண்டார். பின் வரிசையிலிருந்து ஒரு அம்மா எழுந்தே விட்டார்.

"என்னாங்க நீங்க! அறிவில்ல? ஒரு மணி நேரமா ஆட்டி இப்பதான் தூங்க வெச்சேன்!"

எனக்கு அவர் பேசியது பாதிதான் காதில் விழுந்தது. ஏனென்றால், என் கையில் ஏதோ அதிர்ந்தது. கீழே பார்த்தேன். என் மகன் இரண்டு கையையும் விரித்துத் தூக்கிப் போட்ட மாதிரி இருந்தான். கண் அகலத் திறந்திருந்தது. உதடு பிதுங்கியது. முகம் சிவந்தது. அப்புறம் வாயைத் திறந்து அழுதான், அரங்கத்திலேயே அவன்தான் அதிகச் சத்தமாக அழுதான்!

"அக்கா..." என்றேன். அவர் கையைப் பிடித்து இழுத்தேன். "அக்கா, இவனுக்குக் காது கேக்குது! காது கேக்குதுக்கா!"

"என்னாடி சொல்ற? காது கேக்காம?"

சிரித்துக்கொண்டு, அழுதுகொண்டு, மூக்கைத் துடைத்துக்கொண்டு எல்லாவற்றையும் கொட்டினேன். ஆஸ்பத்திரி, கருவி, நாள் குறித்தது, கைதட்டப் பயந்தது எல்லாவற்றையும். அக்காவின் கண் கலங்கியது. "இம்புட்ட வெச்சுக்கிட்டு எதிர் வீட்ல இருந்தியா? என்கிட்ட ஒரு வார்த்த சொல்லிருக்கலாம்ல?" என்று என் தோளில் ஓர் அடி வைத்தார்.

மேற்பார்வையாளர் பதறியடித்து ஓடி வந்து, என்ன ஆயிற்று தங்கச்சி என்று மலாயில் கேட்டார். அக்காதான் பதில் சொன்னார். "அனாக் டியா போலே டெங்கார், காக்!" அவள் பிள்ளைக்குக் காது கேட்கிறதாம் என்று. அந்தப் பெண்மணி வாயைப் பொத்திக்கொண்டார்.

திட்டிய அம்மா இன்னும் நின்றுகொண்டுதான் இருந்தார். எல்லாவற்றையும் கேட்டுவிட்டார் போலிருக்கிறது. தன் பிள்ளையைத் தோளில் தட்டிக்கொண்டே இறங்கி என் பக்கம் வந்தார். போச்சு, இன்னும் இருக்கிறது என்று நினைத்தேன். அவரோ என் மகனின் பின்பக்கமாகக் குனிந்து, அவனுக்குத் தெரியாமல், நாக்கைச் சொடுக்கி "டொக், டொக்" என்றார். அழுகை சட்டென்று நின்றது. என் மகனின் கண் அந்தப் பக்கம் போனது. தலை மெதுவாக, மெதுவாகத் திரும்பியது.

"திரும்பிட்டான்!" என்று யாரோ கத்தினார்கள். கத்தக் கூடாத அரங்கத்தில் எல்லாரும் கைதட்டினார்கள்! திரையில் ஹீரோ பாவம், பத்துப் பேரைத் தனியாக அடித்துக்கொண்டிருந்தார். ஒருவரும் அவரைப் பார்க்கவில்லை.

"மன்னிச்சிருங்கக்கா, உங்க பிள்ளைய எழுப்பிட்டேன்" என்றேன் அந்த அம்மாவிடம். "நல்லா எழுப்புனீங்க, விடுங்க" என்றார் சிரித்துக்கொண்டே. முகத்தைத் துடைத்துக்கொள்ள ஒரு பொட்டலம் ஈரத்துண்டையும் என் கையில் திணித்தார்.

மீதிப் படத்தில் என்ன நடந்தது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. என் அவருக்கு எப்படிச் சொல்வது என்பதுதான் ஒரே யோசனை. தூங்கும்போது அவர் கைப்பேசி அணைந்திருக்கும். படம் முடிந்ததும் அக்கா காரை விரட்டினார். மின்தூக்கிக்குக்கூடக் காத்திருக்காமல் மாடிப்படியில் ஓடினேன்.

படுக்கையறை இருட்டாக இருந்தது. அவர் போர்த்திக்கொண்டு நல்ல தூக்கத்தில் இருந்தார். கல்யாணமான நாளிலிருந்து அந்த வாசலில் நான் சத்தமாகச் செருமியதுகூட இல்லை. பிள்ளையை இடுப்பில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, இரண்டு விரலை மடித்து, அடித்தேன்!

மனுஷன் எழுந்த வேகத்தைப் பார்க்க வேண்டுமே! தொழிற்சாலை அபாயச் சங்கு என்றே நினைத்துவிட்டார். "எல்லாரும் வெளிய ஓடுங்க!" என்று கத்திக்கொண்டு கட்டிலுக்கடியில் பூட்ஸைத் தேடினார். கையில் பிள்ளை மறுபடியும் வீறிட்டான்.

நான் பிள்ளையைக் காட்டினேன்.

அவர் அவனைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். என் வாயோரத்தில் இன்னும் இருந்த விரலைப் பார்த்தார். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். "விசிலுக்கா அழுவுறான்?" என்றார். தலையாட்டினேன். என் காலைக் கட்டிக்கொண்டு அழுதார். கொஞ்ச நேரம் கழித்து, பிள்ளையை வாங்கி, அவன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். வாயசைத்து அல்ல, தொண்டையைத் திறந்து, பக்கத்து வீட்டுக்கெல்லாம் கேட்கிற மாதிரி.

காது நிபுணரிடம் குறித்த நாளில் போனோம். விசிலை எல்லாம் சோதனையாக எடுத்துக்கொள்ள முடியாதம்மா என்று சிரித்தார் அவர். முழுச் சோதனையும் செய்தார். உள்ளே தேங்கியிருந்த நீர் வற்றிவிட்டது, இரண்டு காதும் நன்றாக இருக்கிறது என்று சொன்னார். வரும் வழியில் என் அவர் காரில் பாட்டை அலறவிட்டுக்கொண்டே வந்தார்.

அன்று சாயந்தரமே குக்கரை அலமாரியிலிருந்து இறக்கச் சொன்னதும் அவர்தான். இப்போது பகலிலும் எங்கள் வீட்டில் பருப்புக்கு மூன்று விசில் வருகிறது. அவர் காதில் பஞ்சை வைத்துக்கொண்டு தூங்குகிறார், மகன் ஒவ்வொரு விசிலுக்கும் அடுப்படிப் பக்கம் திரும்பிப் பார்க்கிறான்.

பஸ்ஸிலோ கடையிலோ ஒரு குழந்தை வீறிட்டு அழுதால் சுற்றியிருப்பவர்கள் முகம் சுளிக்கிறார்கள், தாய் கூனிக் குறுகிப்போகிறாள். நான் மட்டும் அவளைப் பார்த்துச் சிரிக்கிறேன், ஏனென்றால் ஓர் அரங்கமே அழுத அந்தக் காலையில்தான் என் வீட்டுக்குச் சந்தோஷம் திரும்பி வந்தது.