தொண்ணூற்றாறு சதவீதம் மிஷின்

தொனாத்தாவுக்குப் பயம் என்றால் என்னவென்றே தெரியாது என்று எங்கள் மலையூரான ரோக்காமுர்த்தாவில் எல்லோரும் சொல்வார்கள். நானும் சொல்லியிருக்கிறேன். மேலத்தெருவில் இருக்கும் ரொட்டி அடுப்பு அவளுடையது, அப்பா விட்டுப்போனது. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஏன் என்று கேட்டால், "ஊதி ஊதிப் பார்த்துக்க இந்த ஒரு அடுப்பு போதாதாடி?" என்பாள். ஒரு தடவை காட்டுப்பன்றி ஒன்று கடைக்குள் புகுந்துவிட்டது. ரொட்டி எடுக்கும் நீளத் துடுப்பால் அதன் மூக்கிலேயே போட்டு, மாதா கோயில் வாசல் வரை விரட்டிக்கொண்டு போனாள். அன்றைக்கு ரொட்டி கருகிப்போனதற்குப் பன்றியைத்தான் திட்டினாள். நான் இம்மகோலாத்தா. பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை முடிந்து ஓய்வு வாங்கிய பிறகு அவள் கடையில் நின்று ரொட்டி விற்கிறேன். அவள் சுடுவாள், நான் விற்பேன், இரண்டு பேரும் சேர்ந்து ஊர் வம்பு பேசுவோம்.

போன ஆகஸ்டில் ஊருக்கு மேலே இருந்த பைன் காடு எரிந்தது. தானாக எரியவில்லை, யாரோ கொளுத்தினார்கள். காட்டோரம் பட்டி போட்டிருந்த ஆட்டுக்காரர் வீத்தோ, ஆடுகளை அவிழ்த்துவிடப் போனவர் திரும்பி வரவில்லை. அன்று விடியும் முன்பு அடுப்பு மூட்ட எழுந்த தொனாத்தா, காட்டுப் பாதையிலிருந்து ஒரு சின்ன வெள்ளைக் கார் விளக்குப் போடாமல் இறங்கி வந்ததைப் பார்த்திருக்கிறாள். எங்கள் ஊரில் பாதிப் பேரிடம் சின்ன வெள்ளைக் கார்தான் இருக்கிறது.

"உனக்கு எதுக்குடி வம்பு? வாயை மூடிக்கிட்டுக் கிட" என்றேன்.

"வீத்தோ தினம் என்கிட்ட ரொட்டி வாங்கின மனுஷன்டி" என்று சொல்லிவிட்டு, மாவுக் கையோடு போலீஸ் நிலையத்துக்குப் போய்விட்டாள்.

செப்டம்பரில் கடைக் கதவடியில் முதல் கடிதம் கிடந்தது. கம்ப்யூட்டரில் அடித்தது, கையெழுத்து கிடையாது. எங்கள் பக்கத்தில் மொட்டைக் கடிதம் புதிதில்லை. மேயரைப் பற்றி, பாதிரியாரைப் பற்றி, பக்கத்து வீட்டுக்காரன் கட்டிய மாடியைப் பற்றி என்று எழுதிக்கொண்டேதான் இருப்பார்கள். ஆனால் அதிலெல்லாம் வசவு இருக்கும், வயிற்றெரிச்சல் இருக்கும், சிரிப்புக்கூட வரும். இதில் ஒரு வசவும் இல்லை.

'மதிப்பிற்குரிய அம்மையாருக்கு' என்று தொடங்கியிருந்தது. 'தாங்கள் அண்மையில் அளித்த தகவல் தொடர்பாக, ரொட்டி அடுப்புகளிலும் எதிர்பாராத தீ விபத்துகள் நேரும் வாய்ப்புள்ளது என்பதைத் தங்கள் கனிவான கவனத்திற்குக் கொண்டுவருகிறோம்.'

தொனாத்தா அதை வாசித்துவிட்டு என்னிடம் நீட்டினாள். அன்றைக்கும் ரொட்டி கருகிப்போனது, ஆனால் அவள் யாரையும் திட்டவில்லை.

இன்ஸ்பெக்டர் லவேக்கியா கெட்டவர் இல்லை, சோம்பேறி. மொட்டைக் கடிதங்களைப் பார்த்துப் பார்த்து அலுத்துப்போனவர். அவருடைய அக்கா மகன் ஓசியில் கிடைக்கும் ஒரு புரோகிராமைக் காட்டிக்கொடுத்திருந்தான். எழுத்தை அதில் போட்டால், மனுஷன் எழுதினதா மிஷின் எழுதினதா என்று சொல்லிவிடுமாம். நாங்கள் கொண்டுபோன கடிதத்தை அதில் போட்டார். தொண்ணூற்றாறு சதவீதம் மிஷின் என்று சிவப்பில் வந்தது.

"பார்த்தீங்களாம்மா? எவனோ ஒரு வெட்டிப்பய ரெண்டு வார்த்தை தட்டியிருக்கான், மிச்சத்தை மிஷின் எழுதிக் கொடுத்திருக்கு. நெஜமா தீ வைக்கிறவன் இப்படிக் கனிவான கவனம்னெல்லாம் எழுதுவானா? போய் நிம்மதியா ரொட்டி சுடுங்க."

"கதவுக்கு அடியில யாரு சார் போட்டா? மிஷினுக்குக் காலு இருக்கா?" என்றேன்.

"வெட்டிப்பயலுக்குக் கால் இருக்கும்மா. வெளையாட்டுக்கெல்லாம் கேஸ் போட முடியாது."

விஷயம் எப்படியோ ஊருக்குத் தெரிந்துவிட்டது. அதன்பிறகு கடையில் கேலிதான். "தொனாத்தா, உன் ரோபோ மாப்பிள்ளை இன்னிக்கு என்ன எழுதினான்?" என்பார் தபால்காரர் ஜெரார்தோ. "பொண்ணு பார்க்க எப்ப வர்றான்? வந்தா சார்ஜ் போட பிளக்கு இருக்கா?" என்பாள் மருந்துக்கடை அசுந்தா. எனக்கு எரிச்சல் எரிச்சலாக வரும். ஒரு உயிர் போன விஷயம் இது. ஆனால் தொனாத்தாவும் சேர்ந்து சிரித்தாள். "மிஷினுக்குத் தீக்குச்சி உரசக் கை ஏதுடி?" என்று என்னிடம் சொன்னாள். திரும்பத் திரும்பச் சொன்னாள். ஆனாலும் மாவு பிசைகிறபோது வாசலில் நிழல் தட்டினால் திரும்பிப் பார்ப்பாள். முன்பெல்லாம் திறந்தே கிடக்கும் பின்கதவுக்குப் பூட்டு வாங்கி மாட்டினாள். இரண்டாவது கடிதம் வந்தது, அதே கனிவு, அதே மரியாதை. அதற்கும் அந்த புரோகிராம் மிஷின் என்றே சொல்ல, அவள் மெல்ல மெல்லத் தேறினாள். கட்டைக் குரலில் பாடிக்கொண்டே மாவு பிசைய ஆரம்பித்தாள். அவள் பாட்டு சகிக்காது. இருந்தாலும் அதைக் கேட்டு நான் நிம்மதியாக இருந்தேன்.

நவம்பரில் மூன்றாவது கடிதம் வந்தது. 'பின்வாசலில் தாங்கள் புதிதாகப் பொருத்தியுள்ள பூட்டு இவ்விஷயத்தில் பயனளிக்காது என்பதைத் தெரிவித்துக்கொள்கிறோம்.'

நான் அவளை இழுத்துக்கொண்டு நிலையத்துக்குப் போனேன்.

"பயந்தவங்க எல்லாரும் பூட்டுதான் மாட்டுவாங்கம்மா. அது மிஷினுக்கும் தெரியும்" என்றார் லவேக்கியா. கடிதத்தைப் போட்டுப் பார்த்தார். இந்தத் தடவையும் தொண்ணூறைத் தாண்டியது. "பார்த்தீங்களா?" என்று திரையை எங்கள் பக்கம் திருப்பினார்.

அவர் முகத்தில் இருந்த திருப்தியைப் பார்த்ததும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"சார், நீங்க எழுதினதை அதுல போடுங்க பார்ப்போம்."

"நான் என்னம்மா எழுதினேன்?"

"இவ முதல்ல வந்து சொன்னதை எழுதிக்கிட்டீங்கல்ல, அதைப் போடுங்க."

விளையாட்டாகத்தான் போட்டார். தொனாத்தா அன்று சொன்னது, "வெள்ளைக் காரு ஒண்ணு லைட்டுப் போடாம சர்ருனு எறங்குச்சு சார்" என்பதுதான். அவர் எழுதி வைத்திருந்தது வேறு. 'மேற்படி நபர், வெண்ணிற வாகனம் ஒன்று முகப்பு விளக்குகள் ஒளிராத நிலையில் கீழ்நோக்கி விரைந்து சென்றதைத் தாம் நேரில் அவதானித்ததாகத் தெரிவித்துக்கொண்டார்.' நிலையத்தில் எல்லாவற்றையும் அப்படித்தான் எழுதுவார்கள்.

தொண்ணூற்றெட்டு சதவீதம் மிஷின் என்று வந்தது.

"அப்ப நீங்களும் மிஷினா சார்? உங்களுக்கும் சார்ஜ் போடணுமா?" என்று கேட்டு நான் சிரித்தேன். நான் மட்டும்தான் சிரித்தேன்.

லவேக்கியா தண்ணீர் வரி பற்றி நகராட்சி அனுப்பிய சுற்றறிக்கையை எடுத்துப் போட்டார். மிஷின். வாய்க்கால் அடைப்பைப் பற்றி ஜெரார்தோ கொடுத்திருந்த மனுவைப் போட்டார். மிஷின். மகனுக்குப் பள்ளியில் லீவு கேட்டு அவரே எழுதி வைத்திருந்த கடிதத்தைப் போட்டார். அதுவும் மிஷின். எங்கள் ஊரில் வீட்டுக்குள் எப்படிப் பேசினாலும், வெளியாளுக்கு ஒரு காகிதம் எழுத உட்கார்ந்தால் எல்லோருக்கும் ஒரே மொழிதான் வரும். மதிப்பிற்குரிய, தங்கள் கவனத்திற்கு, தெரிவித்துக்கொள்கிறோம். பள்ளிக்கூடத்தில் அதைத்தான் எழுத வைத்தார்கள், ஆபீசுகள் அதைத்தான் கேட்கின்றன. மளிகைக்காரன் எழுதினாலும் டாக்டர் எழுதினாலும் அப்படித்தான் இருக்கும். அந்த புரோகிராமுக்கு நாங்கள் எல்லோரும் ஒன்றுதான்.

லவேக்கியா கடிதத்தை மறுபடியும் கையில் எடுத்தார். இந்தத் தடவைதான் அதை உண்மையாகவே வாசித்தார் என்று நினைக்கிறேன். முகம் மாறிவிட்டது. முதல்முறையாக எழுந்து போய் அறைக் கதவைச் சாத்தினார்.

"அம்மா, அந்தப் பூட்டை எப்ப மாட்டினீங்க? யாரெல்லாம் பார்த்தாங்க?"

தொனாத்தா நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். வெளுத்துப்போயிருந்தாள். எனக்கு அப்போதுதான் உறைத்தது. இத்தனை நாள் அவளைத் தூங்க வைத்தது அந்தத் தொண்ணூற்றாறு சதவீதம். அதை நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இராமல் பிடுங்கிப் போட்டுவிட்டேன். அந்த புரோகிராமைக் கிழிகிழி என்று கிழிக்க வேண்டும் என்று நினைத்தேன், கிழித்தும் விட்டேன். எனக்கு ஒரு சந்தோஷமும் இல்லை, பயமாக இருந்தது.

"கேஸ் போட்டுடறேன். மேலிடத்துக்கும் எழுதறேன். முதல் தடவையே நான் பார்த்திருக்கணும்" என்றார் லவேக்கியா. குரல் தணிந்திருந்தது.

"போடுங்க சார்" என்றாள் தொனாத்தா. "ஆனா ஊருக்குள்ள யாராவது கேட்டா மிஷின்னே சொல்லுங்க."

"ஏம்மா?"

"நான் நாளைக்கும் கடை தெறக்கணும்ல. இன்னமும் மிஷின்னுதான் நம்பிக்கிட்டு இருக்கேன்னு அவன் நெனைக்கட்டும். நான் தெரிஞ்சுக்கிட்டேன்னு தெரிஞ்சா எழுதறதை நிறுத்திட்டு வேற ஏதாவது பண்ணுவான்."

அவன் என்றாள். கேலிப் பேச்சை விட்டால், செப்டம்பரிலிருந்து எங்களுக்குள் அது என்றுதான் இருந்தது.

மறுநாள் காலையில் வழக்கம்போலக் கடை திறந்தோம். பனி கொட்டியதால் எல்லோரும் உள்ளேயே நெருக்கிக்கொண்டு நின்றார்கள். ஜெரார்தோ, அசுந்தா, ஓய்வு பெற்ற சர்வேயர், நகராட்சி குமாஸ்தா, கோயில் மணியடிக்கிறவர், பள்ளிக்கூட வாத்தியார். எல்லோரும் நான் வருஷக்கணக்காகப் பார்க்கிற முகங்கள்தான். கண்ணாடிக்கு வெளியே வெள்ளை வெள்ளையாகக் கார்கள் நின்றன.

"என்ன தொனாத்தா, நேத்து இன்ஸ்பெக்டரைப் பார்க்கப் போனியாமே? உன் மாப்பிள்ளை மறுபடியும் எழுதிட்டானா?" என்றார் ஜெரார்தோ.

தொனாத்தா துடுப்பைச் சுவரில் சாய்த்தாள். "எழுதிட்டான். மிஷின்தானாம். சீதனமா ரெண்டு பேட்டரி கேட்கிறான்" என்றாள்.

கடை அதிரச் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். நான் ரொட்டியைக் காகிதத்தில் சுற்றிச் சுற்றி ஒவ்வொரு கையாகக் கொடுத்தேன். ஒரு முகம் விடாமல் பார்த்தேன். சிரிக்காதவர் என்று அங்கே ஒருவரும் இல்லை.