கிணறுகள் ஓய்வெடுக்கும் என்ற அறிவித்தல்

என்னுடைய நாவலின் வெளியீட்டு விழாவைக் கோப்பாயில், எங்கள் ஒழுங்கை முடிவில் இருக்கும் வாசிகசாலையில் வைத்தோம். வரப்போகும் காலம் ஒன்றைப் பற்றிய கதை அது. தண்ணீர் முழுவதும் அரசாங்கத்தின் கையில். வீட்டுக் கிணறுகளுக்கெல்லாம் பூட்டு. ஆட்களுக்குப் பெயர் கிடையாது, கிணற்று இலக்கத்தைச் சொல்லித்தான் கூப்பிடுவார்கள். கதையைச் சொல்கிறவளோ அந்த அரசாங்கத்தை முழு மனதோடு நம்புகிற ஒருத்தி.

முதலில் எழுதியபோது அதிகாரிகளைக் கொடியவர்களாகத்தான் எழுதினேன். தடி, சப்பாத்து, உறுமல் எல்லாம் இருந்தன. வாசித்துப் பார்த்த என் கணவர் நல்லாயிருக்கு என்று சொல்லிவிட்டு நித்திரையாகிப் போனார். பயந்த ஆளுக்கு நித்திரை வராதே. எல்லாவற்றையும் கிழித்துப் போட்டுவிட்டு அதிகாரிகளை மிக நல்லவர்களாக்கினேன். ஒருவரும் ஏசமாட்டார்கள். கிணற்றைப் பூட்டுவதற்குப் பெயர் 'கிணறு ஓய்வெடுத்தல்'. ஆளைக் கொண்டுபோவதற்குப் பெயர் 'இடமாற்றம்'. எந்த அறிவித்தலும் 'அன்பான பொதுமக்களே' என்றுதான் தொடங்கும். இரண்டாம் முறை வாசித்தபோது கணவர் எழும்பிப் போய் எங்கள் கிணற்றை எட்டிப் பார்த்துவிட்டு வந்தார். எனக்குப் பரம திருப்தி.

விழாவில் அப்படியொரு அறிவித்தலை வாசித்துக் காட்ட எங்கள் கோயில் அறிவிப்பாளரைக் கேட்டேன். தேர் புறப்படும் நேரமும், காணாமற்போன மோட்டார் சைக்கிள் சாவியும் அவருடைய குரலில்தான் ஊருக்குத் தெரியவரும். தேன் பூசின குரல். அது அவருக்கும் நன்றாகத் தெரியும். நடிக்க வேண்டாம் அண்ணை, திருவிழாவிலே சொல்வதுபோலச் சொன்னால் போதும் என்றேன். தனக்கு வேறு மாதிரிச் சொல்லவும் தெரியாது என்றார்.

அன்று காலை விழாவுக்கு ஆட்களை அழைத்து அறிவித்தவரும் அவர்தான். அதற்காக மாமரத்தில் கட்டிய லவுட்ஸ்பீக்கர் இரண்டும் ஊரைப் பார்த்தபடியே இருந்தன. பின்னேரம் அவற்றை நிறுத்த வேண்டும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை, எனக்கும்தான். தலைமையுரையும் வாழ்த்துரையும் ஊருக்குக் கேட்டுத்தான் இருக்கும். அதையெல்லாம் யார் காதில் வாங்குவார்கள். ஆனால் அறிவிப்பாளரின் குரல் என்றால் அடுப்பைத் தணித்துவிட்டுக் கேட்பார்கள்.

அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு தொடங்கினார்.

"அன்பான பொதுமக்களே, இன்று மாலை ஆறு மணி தொடக்கம் உங்கள் கிணறுகள் யாவும் பொதுநலன் கருதி ஓய்வெடுக்கும். பூட்டுப் போடுபவர்கள் உங்கள் வீடு தேடி வருவார்கள். அவர்களுக்குத் தேநீர் கொடுத்து ஒத்துழைக்குமாறு அன்பாகக் கேட்டுக்கொள்கிறோம்."

என் நாவலில் இல்லாத ஒரு 'நன்றி, வணக்கம்' என்பதையும் தன் பாட்டில் சேர்த்துக்கொண்டு இறங்கினார்.

அடுத்தது ஆய்வுரை. ஓய்வுபெற்ற விரிவுரையாளர் ஒருவர் நாவலின் உத்திகளைப் பற்றிப் பேசினார். பயங்கரத்தை மென்மையான சொல்லால் மூடுவது, பெயரை எடுத்துவிட்டு இலக்கத்தைக் கொடுப்பது, நம்புகிறவளின் வாயாலேயே கொடுமையைச் சொல்லவைப்பது என்று அழகாகத்தான் விளக்கினார். பின்வரிசையில் ஒவ்வொரு கைத்தொலைபேசியாக அடித்தது. எடுத்துக் குசுகுசுத்துவிட்டு ஒவ்வொருவராக எழும்பிப் போனார்கள். அது கதை என்று தெரிந்தவர்களும் ஏன் போனார்கள் என்பது எனக்கு இன்றைக்கும் விளங்கவில்லை. இன்றைய வாசகர் இப்படிப்பட்ட இனிப்பான சொற்களுக்கு ஏமாறமாட்டார் என்று விரிவுரையாளர் சொன்ன நேரம், தலைக்கு மேல் மின்விசிறி மெல்ல மெல்லத் தளர்ந்தது.

என் கணவர் குனிந்தபடி மேடைக்கு வந்து காதுக்குள் சொன்னார். ஊர் முழுக்கத் தண்ணீர் மோட்டர் ஓடுகிறதாம், கறண்ட் எல்லாம் அதற்குத்தான் போகிறதாம். மோட்டர் இல்லாத வீடுகளில் வாளி விழுகிற சத்தமாம்.

அறிவிப்பாளரை மறுபடியும் ஏற்றினோம். அவர் அதே தேன் குரலில், அன்பான பொதுமக்களே, சற்று முன்னர் வாசிக்கப்பட்டது ஒரு கதையின் பகுதி, ஆகவே எவரும் பதற்றமடைய வேண்டாம் என்று அறிவித்தார். பதற்றமடைய வேண்டாம் என்றதும் மின்விசிறி முற்றாக நின்றுவிட்டது.

பற்றரியில் ஓடிய மைக்கை நான் வாங்கினேன். பக்கத்து வீட்டு மாமியை நினைத்துத்தான் பேச்சு வந்தது.

"மாமி, நான்தான் கதைக்கிறன், ஒழுங்கை முடக்கு வீட்டுக்காறி. உது நான் எழுதின கதை. கிணத்தை ஒருத்தரும் பூட்ட வரேல்லை. மோட்டரை நிப்பாட்டுங்கோ, கறண்ட் பில் கூடப்போகுது."

ஒவ்வொரு வீடாகச் சத்தம் அடங்கியது. மின்விசிறி திரும்பவும் சுற்றத் தொடங்கியது. விரிவுரையாளர் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார், கேட்க இருந்தது தலைவரும் நாங்களும்தான். வெட்கத்தில் என் காது சுட்டது. உள்ளுக்குள்ளே பரிசு கிடைத்தவள்போல ஒரு சந்தோசம் இருந்ததையும் மறைக்கமாட்டேன்.

அடுத்த நாள் காலை பக்கத்து வீட்டு மாமியிடம் மன்னிப்புக் கேட்கப் போனேன். முற்றம் நிறையத் தண்ணீர். வாளி, அண்டா, பேசின், பொங்கல் பானைகூட நிரம்பி நின்றது. மாமி அதில் அள்ளிக் கத்தரிக்கு ஊற்றிக்கொண்டிருந்தார். கோபமே இல்லை.

"ஏசிச் சொல்லியிருந்தால் நான் அசைஞ்சிருக்கமாட்டன், பிள்ளை. அவ்வளவு மரியாதையாச் சொன்னால் கட்டாயம் ஏதோ வரப்போகுது எண்டுதானே அர்த்தம். முந்திச் சண்டை நேரமும் உப்பிடித்தான் சொன்னவை. கதவைப் பூட்டிப்போட்டு வாங்கோ, ரெண்டு நாளிலை திரும்பி வரலாம் எண்டு."

நானும் ஒரு வாளியை எடுத்துக் கத்தரிக்கு ஊற்றினேன். நான் புறப்பட்டபோது மாமி, அந்தப் புத்தகத்தில் ஒன்று தா என்று கேட்டு வாங்கிக்கொண்டார்.

வாசித்து முடித்ததும் வேலிக்கு மேலாலே என்னைக் கூப்பிட்டார். அந்தக் கதைசொல்லிப் பெட்டையில் அவருக்குக் கடும் கோபம். அவள் ஏன் ஒரு வாளி தண்ணீரைக்கூட ஒளித்து வைக்கவில்லை என்று கேட்டார். நான் விரிவுரையாளர் பாணியில் விளக்கினேன்: அவள் நம்புகிறவள், அவள் பயப்படாததால்தான் வாசிக்கிறவருக்குப் பயம் வரும், அவள் தண்ணீரை ஒளித்து வைத்தால் நாவலே இல்லை என்றேன்.

மாமி முழுவதையும் கேட்டார்.

"அப்ப நாவல் இல்லாமல் இருக்கட்டும்" என்றார். "பெட்டை பிழைச்சிருப்பாள்."