மூன்று நாள் பெட்டி

ஒரு பெரிய நாடு ஒரு சின்ன நாட்டைத் தனக்கு வேண்டும் என்று கேட்டால், அந்தச் சின்ன நாட்டுப் பிள்ளைகள் எங்கே போய்ப் படுப்பார்கள்?

பஸ்ஸில் இதைக் கேட்டபோது என் மகளுக்கு ஆறு வயது. நான் இருக்கைக்கு அடியில் அவளுடைய ஒற்றைக் கையுறையைத் தேடிக்கொண்டிருந்தேன். "பிறகு சொல்லுறன் குஞ்சு" என்றேன். கையுறை கிடைத்துவிட்டது. பதில் இன்னும் கிடைக்கவில்லை.

எல்லாம் ஒரு பெட்டியில் தொடங்கியது. சண்டை, புயல் என்று ஏதும் வந்தால் மூன்று நாளைக்குத் தேவையான தண்ணீர், சாப்பாடு, மருந்து, போர்வை, பற்றரி வானொலி எல்லாவற்றையும் வீட்டில் வைத்திருக்கும்படி டென்மார்க் அரசாங்கம் எங்களுக்கு எழுதியிருந்தது. நாங்கள் இருக்கிற சில்க்போர்க் நகரில் என்னோடு வேலை செய்கிறவர்கள் அதை வாசித்துவிட்டுக் கோடை விடுமுறைக்குப் போனார்கள். நான் அச்செடுத்துக் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒட்டினேன். ஆனால் ஒன்றும் வாங்கவில்லை. வாங்கி வைத்தால் அதுவே சண்டையைக் கூப்பிட்டதாகிவிடுமோ என்று ஒரு பயம். வாங்காமல் விட்டது பிழையோ என்று இன்னொரு பயம். அப்படியே ஒரு வருடத்துக்கு மேல் போனது.

பிறகு, யாருடையவை என்று தெரியாத ட்ரோன்கள் விமான நிலையங்களுக்கு மேல் பறந்ததாகச் செய்தி வந்தது. அந்த வாரமே மூடி உள்ள நீலப் பெட்டி ஒன்று வாங்கினேன். சிவப்பரிசி பத்துக் கிலோ, பருப்பு, கடலை, மிளகாய்த்தூள், புளி என்று அடுக்கி நிறைத்துவிட்டு என் கணவரைக் கூப்பிட்டுக் காட்டினேன். உண்மையைச் சொன்னால், ஒரு பாராட்டை எதிர்பார்த்தேன்.

அவர் மூடியைத் திறந்து பார்த்தார். "கரண்ட் நிண்டால் அடுப்பும் நிக்கும். பருப்பை எதிலை அவிக்கப்போறீர்? மெழுகுதிரியிலையோ?"

"ஏன், பின்வளவிலை மூண்டு கல்லை வைச்சு..."

"மூண்டாம் மாடியிலை பின்வளவு எங்கையப்பா இருக்கு? பல்கனியிலை நெருப்பு மூட்டினால் ரஷ்யன் வாறதுக்கு முதல் தீயணைக்கிறவன் வந்திடுவான்."

அவர் மூன்று வயதில் இங்கே வந்து வளர்ந்தவர். நான் யாழ்ப்பாணத்தில் பட்டப்படிப்பை முடித்து, கலியாணம் முடித்து வந்தவள். போரைப் பார்த்தவள் நான்தான். ஆனால் நான் பார்த்த போரில் கரண்ட் என்பதே இருந்ததில்லை. விறகு இல்லாத நாளும் இருந்ததில்லை. அந்தப் போருக்குத்தான் நான் சாமான் கட்டியிருக்கிறேன்.

மறுநாள் அரிசியை எடுத்துவிட்டு, சமைக்கத் தேவையில்லாதவற்றை வைத்தேன். தக்காளிக் குழம்பில் போட்ட மக்ரல் மீன் ரின்கள், பிஸ்கட், பேரீச்சம்பழம், கச்சான் கடலை. மகள் ஒவ்வொன்றாக எடுத்துத் தந்தாள். அவள் டேனிஷில் கேட்பாள், நான் தமிழில் சொல்லுவேன். எங்கள் வீட்டில் கதை இப்படித்தான் நடக்கும்.

நீங்கள் சின்னப் பிள்ளையாக இருந்தபோது இப்படிப் பெட்டி வைத்திருந்தீர்களா என்று கேட்டாள்.

"இல்லை குஞ்சு. எங்கடை வளவிலை பங்கர் இருந்தது. நிலத்தைக் கிண்டி, மேலை தென்னங்குத்தி அடுக்கி, மண்மூட்டை போட்டு மூடுறது. நான் அதுக்குள்ளை பொம்மைக்கு வீடு கட்டி விளையாடினனான்."

பிறகு?

"பிறகு அதையும் விட்டிட்டு வடமராட்சிக்கு நடந்து போனனாங்கள். அங்கை பள்ளிக்கூட வாசலிலை நிண்ட ஆக்கள் பாணும் சம்பலும் தந்தவை."

உங்களுக்குத் தெரிந்த ஆட்களா?

"இல்லை, தெரியாத ஆக்கள். வீடு போன ஆக்கள் வந்தால் முதல் சாப்பாடுதான் குடுக்கிறது. பேர், ஊர் எல்லாம் பிறகுதான் கேக்கிறது."

அவள் தலையாட்டிவிட்டுப் பிஸ்கட் பக்கற்றை மூலையில் சரியாக நிமிர்த்தி வைத்தாள். ஆறு வயதுப் பிள்ளைக்கு இதைச் சொல்லியிருக்க வேண்டுமா என்று அந்த வாரம் முழுவதும் யோசித்தேன். என் கணவரிடமும் கேட்டேன். "சொல்லிப்போட்டீர், இனி ஏன் யோசிக்கிறீர்?" என்றார். அவருக்கு எல்லாமே அவ்வளவு சுலபம்.

குளிர்காலத்தில் கிரீன்லாந்துக் கதை பெரிதானது. டென்மார்க்கோடு சேர்ந்த அந்தத் தீவு தனக்கு வேண்டும் என்று, டேனிஷ்காரர் இத்தனை காலம் நம்பியிருந்த வல்லரசே உரத்துக் கேட்டது. எங்கள் வேலையிடத்துச் சாப்பாட்டு அறையில் மழையையும் விடுமுறையையும் தவிர வேறு எதையும் கதைக்காதவர்கள், கோப்பி ஆறிப்போகும்வரை அதையே கதைத்தார்கள். "எங்கள் நண்பர்கள் அல்லவா அவர்கள்?" என்று ஒருவர் திரும்பத் திரும்பக் கேட்டார். எனக்கு அவ்வளவு ஆச்சரியம் வரவில்லை. யாழ்ப்பாணத்தில் எங்கள் தலைக்கு மேல் பறந்த கிபிர் குண்டுவீச்சு விமானம் எந்த நாட்டில் செய்தது, எந்தெந்த நாடு யாருக்கு என்ன விற்கிறது என்பதெல்லாம் ஆறு வயதிலேயே எனக்குத் தெரியும். பெரியவர்கள் வேலிக்கு மேலால் கதைத்ததைக் கேட்டு வளர்ந்தேன். ஆனால் என் மகள் செய்தியைக் கேட்பதேயில்லை என்று நினைத்திருந்தேன். எப்படி நினைத்தேனோ தெரியவில்லை.

ஒருநாள் பெட்டியைத் துடைக்கத் திறந்தால், பாதி வெறுமையாக இருந்தது.

"இஞ்சருங்கோ, சண்டைக்கு வைச்ச பிஸ்கட்டை ஆர் திண்டது?"

"சண்டை வராதெண்ட நம்பிக்கையிலை ஒண்டே ஒண்டு எடுத்தனான்."

"ஒண்டோ? நாலு பக்கற்றைக் காணேல்லை! மீன் ரின்னும் இல்லை!"

"சத்தியமாய் மிச்சம் நானில்லை. பச்சை ரின்மீனை நிண்டபடி தின்னுற ஆளே நான்?"

அவரை நான் நம்பவில்லை. இரண்டு நாள் அவருடைய தேநீருக்குப் பிஸ்கட் வைக்காமல் தண்டனை கொடுத்தேன். மூன்றாம் நாள் மகளின் ஆசிரியை செய்தி அனுப்பினார். பிள்ளையின் சாப்பாடு பற்றிக் கொஞ்சம் கதைக்க வேண்டும், வியாழக்கிழமை பள்ளி முடிய வர முடியுமா என்று கேட்டு, கடைசியில் ஒரு சிரித்த முகமும் போட்டிருந்தார். அந்தச் சிரித்த முகத்தை இருபது தடவையாவது பார்த்திருப்பேன். பிள்ளைக்குச் சாப்பாடு காணாது என்று கொமூன என்கிற நகரசபைக்கு எழுதிவிடுவார்களோ? கறுப்புப் பாண் பிடிக்காது என்று புட்டுக் கட்டிக் கொடுத்தது பிழையோ? தடுப்பூசி அட்டை, பல் வைத்தியரின் கடிதம், ஒரு கிழமைச் சாப்பாட்டுப் பெட்டியின் படங்கள் எல்லாவற்றையும் எடுத்துப் பையில் வைத்தேன்.

"பாஸ்போட்டையும் கொண்டு போம்" என்றார் என் கணவர்.

ஆசிரியைக்கு என் வயதுதான் இருக்கும். கம்பளிக் காலுறையோடு, பிள்ளைகளின் குட்டிக் கதிரையில் இருந்தார். நான் தடுப்பூசி அட்டையை எடுக்குமுன் அவர் மேசை இழுப்பறையைத் திறந்து ஒவ்வொன்றாக வெளியே வைத்தார். மக்ரல் ரின் இரண்டு. பிஸ்கட் பக்கற் மூன்று. பேரீச்சம்பழம் பாதி. வானொலிக்கு வாங்கிய பற்றரிகள்.

"உன் மகள் ஒவ்வொரு நாளும் ஒன்று கொண்டுவந்து வகுப்பில் பக்கத்தில் இருக்கிற பிள்ளையின் பைக்குள் வைக்கிறாள். வேண்டாம் என்றாலும் விடுவதில்லை" என்றார்.

அந்தப் பிள்ளையின் தாய் கிரீன்லாந்துக்காரி. ஏன் இப்படிச் செய்கிறாய் என்று ஆசிரியை கேட்டிருக்கிறார். வீடு போன ஆட்களுக்கு முதலில் சாப்பாடு கொடுக்க வேண்டும், மற்றதெல்லாம் பிறகுதான் கேட்க வேண்டும் என்று என் மகள் சொல்லியிருக்கிறாள். அம்மாதான் சொன்னவ என்றும் சொல்லியிருக்கிறாள்.

நான் பையை மூடினேன். "அவள் பயந்துபோய் இருக்கிறாளா?" என்று மட்டும் கேட்டேன்.

ஆசிரியை பற்றரிகளை என் பக்கம் தள்ளினார். "அப்படித் தெரியவில்லை. அவள் மிகவும் வேலையாக இருக்கிறாள்."

எனக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் அவர் அடுத்துச் சொன்னதில் அது நின்றுவிட்டது. மற்றப் பிள்ளை திங்கட்கிழமை வீட்டுக்குப் போய், எங்கள் வீடு உண்மையாகவே போய்விட்டதா என்று தாயிடம் கேட்டு அழுதிருக்கிறாள். என் பங்கர்க் கதை என் பிள்ளையைப் பயப்படுத்தவில்லை. இன்னொருத்தியின் பிள்ளையைப் பயப்படுத்தியிருக்கிறது.

வீட்டுக்குத் திரும்பும்போது பஸ்ஸில் மகளிடம் சொன்னேன். "குஞ்சு, அந்தப் பிள்ளையின்ரை வீடு இஞ்சைதான் இருக்கு. ஒருத்தரும் எடுக்கேல்லை."

இன்னும் எடுக்கவில்லையா என்று கேட்டாள். அதற்குப் பிறகுதான் நான் முதலில் சொன்ன அந்தக் கேள்வி. சாப்பாட்டு அலுவல் முடிந்துவிட்டது, இனிப் படுக்கை அலுவல் என்கிற மாதிரிக் கேட்டாள்.

அந்தத் தாய்க்கு மன்னிப்புக் கேட்டு நான்கு தரம் எழுதி அழித்தேன். முதலாவது நீளமாக இருந்தது. இரண்டாவது கொமூனக் கடிதம் மாதிரி இருந்தது. கடைசியில் ஒன்றும் அனுப்பாமல், அடுத்த நாள் பிள்ளைகளின் ஜக்கெற் கொழுவும் இடத்தில் அவருக்காகக் காத்து நின்றேன்.

நான் தொடங்கவே அவர் கையைக் காட்டி நிறுத்தினார். "என் மகள் இங்கேதான் பிறந்தவள். நான் அவளைக் கூட்டிக்கொண்டு போய், இதுதான் கதவு, இதுதான் உன் கட்டில் என்று தொட்டுக் காட்டினேன். இப்போது சரியாகிவிட்டாள்" என்று சிரித்தார். பிறகு சிரிக்காமல் சொன்னார்: "இந்தக் குளிர்காலம் முழுவதும் எல்லாரும் என்னிடம் கருத்துத்தான் கேட்டார்கள். நான் பேருந்து ஓட்டுகிறேன், எனக்கு என்ன தெரியும்? சாப்பாடு தந்தது உன் மகள் மட்டும்தான்."

பையிலிருந்து இறுக்கிக் கட்டிய ஒரு பொதியை எடுத்துத் தந்தார். ஊரிலிருந்து தம்பி அனுப்பியதாம். கட்டை அவிழ்க்க முன்னமே வாசம் வந்துவிட்டது.

கருவாடு.

பனிக்கால ஜக்கெற்றுகளுக்கு நடுவில், டேனிஷ் தாய்மார் மூக்கைச் சுருக்கிக்கொண்டு கடந்து போக, நான் ஒரு துண்டைக் கிழித்து வாயில் வைத்தேன். உப்பு இல்லை, மற்றப்படி மீன் மீன்தான். "பொரிப்பதில்லையா?" என்று கேட்டேன். "அப்படியே சாப்பிடுவது. வெண்ணெய் இருந்தால் நல்லது" என்றார்.

அன்று பின்னேரம் என் கணவர் பொதியை மணந்து பார்த்தார். "மூண்டு நாளைக்கு இதுதானப்பா சாமான். அடுப்பும் வேண்டாம், ஒண்டும் வேண்டாம். மூடியைத் திறந்தால் மட்டும் முழுக் கட்டடமும் இடம்பெயரும்."

இரண்டு தரம் பையில் போட்டுக் கட்டி, பெட்டியின் அடியில் வைத்தேன். பிஸ்கட் விஷயத்தில் அவரிடம் மன்னிப்பும் கேட்டேன். "பரவாயில்லை, அந்த ஒண்டு நான்தானே" என்றார்.

வசந்தம் வந்ததும் ஒரு ஞாயிற்றுக்கிழமை இரண்டு தாய்மாரும் பிள்ளைகளோடு ஏரிக்கரைக் காட்டுக்குப் போனோம். அங்கே இரண்டாம் உலகப் போரில் ஜெர்மன் படை கட்டிய பங்கர்கள் இன்னும் இருக்கின்றன. கொங்கிரீட் சுவர்களில் பாசி பிடித்திருக்கிறது. பிள்ளைகள் அதைச் சுற்றி ஓடிப்பிடித்து விளையாடினார்கள். நாங்கள் புல்லில் இருந்து என் மீன் ரோல்ஸும் அவருடைய காய்ந்த மீனும் சாப்பிட்டோம்.

"உங்கள் பங்கரும் இவ்வளவு பெரிதா?" என்று கேட்டார்.

"ஐந்து பேர் குந்தியிருக்கலாம். என் பொம்மையோடு ஆறு."

அவருடைய ஊருக்குப் பக்கத்தில் அதே வல்லரசு எப்போதோ விட்டுப்போன பழைய முகாம் இருந்ததாம். துருப்பிடித்த எண்ணெய்ப் பீப்பாய்களை உருட்டி விளையாடினார்களாம். வீட்டுக்கு வந்தால் சட்டை ஊத்தை என்று தாயிடம் ஏச்சு விழுமாம். எனக்கும் பங்கர் மண்ணுக்காக விழுந்த ஏச்சு நினைவு வந்தது. வெயில் நன்றாக இருந்தது. அன்று எனக்கு ஒரு பயமும் வரவில்லை என்பதே வீடு வந்து சேர்ந்த பிறகுதான் தெரிந்தது.

பஸ்ஸில் மகள் கேட்ட கேள்வியை அன்று ஏரிக்கரையில் அவரிடமும் கேட்டுப் பார்த்தேன். அவர் காய்ந்த மீனில் ஒரு துண்டைக் கிழித்து என்னிடம் நீட்டினார். "நீ ஏதாவது கண்டுபிடித்தால் எனக்கும் சொல்" என்றார்.

நீலப் பெட்டி இப்போதும் வீட்டுக்குள் நடைவழியில், மகளின் கைக்கு எட்டும் உயரத்தில்தான் இருக்கிறது. பூட்டலாமோ என்று யோசித்தேன், மனம் வரவில்லை. போன கிழமை திறந்தபோது, கருவாட்டுக்கு மேல் அவளுடைய குட்டித் தலையணை மடித்துச் செருகியிருந்தது. ஆருக்கு என்று கேட்டேன். யாராவது வந்தால் படுக்க என்றாள். எங்கே போய்ப் படுப்பார்கள் என்பதற்கு நான் பதில் சொல்லும்வரை அவள் காத்திருக்கவில்லை.

தலையணையை எடுத்துத் துவைத்து, காயவைத்து, திரும்ப அங்கேயே வைத்தேன். ஆனாலும் அவள் மறுபடி கேட்பாள். போர் பார்த்து வந்து, இங்கே பிள்ளை வளர்க்கிறவர்கள் உங்களில் பலர் இருப்பீர்கள். எத்தனை வயதில், எவ்வளவு சொன்னீர்கள்? பாணும் சம்பலும் தந்தவர்களைப் பற்றி மட்டும் சொல்லி, ஏன் நடந்தோம் என்பதைச் சொல்லாமல் விடலாமா? அப்படி விட்டால் அது பொய்யாகுமா? உங்கள் பிள்ளைகளுக்கு என்ன சொன்னீர்கள், அதில் எதைச் சொல்லாமல் விட்டிருக்கலாம் என்று இப்போது நினைக்கிறீர்கள் என்பதை எனக்குச் சொல்லுங்கள்.