தூணுக்குப் பின்னால் உட்காரச் சொன்னேன்

அறுபதுகளின் தொடக்கத்தில் நான் சிவகாசியில் பள்ளிக்கூட டீச்சர். தவக்காலம் வந்துவிட்டால் என்னை மிஞ்சிய பக்திசாலி கிடையாது என்று எனக்கு நினைப்பு. நாற்பது நாளும் ஒருசந்தி. மதியம் ஒரு வேளைச் சோறு, அதோடு சரி. வெள்ளிக்கிழமை சாயங்காலம் கோயிலில் சிலுவைப்பாதை ஜெபம் வாசிப்பதும் நான்தான்.

அந்த வருஷம் நாரணாபுரத்திலிருந்து ஒருத்தி வர ஆரம்பித்தாள். பட்டாசு விபத்தில் முகம் வெந்தவள். பிள்ளைகளின் வரிசைக்குப் பக்கத்தில் உட்காருவாள். ஒரு நாள் இரண்டு பிள்ளைகள் அவளைப் பார்த்து அழுதன. நான் அருகில் போய், அவள் முகத்தைப் பாராமல் சொன்னேன்: "புள்ளைக பயப்படுதுக. நீங்க அந்தத் தூணுக்குப் பின்னால போயி உக்காருங்க."

"சரிங்க டீச்சர்" என்று எழுந்து போனாள்.

அன்றும் சிலுவைப்பாதையின் ஆறாம் ஸ்தலத்தில், ஆண்டவரின் இரத்தம் வடிந்த முகத்தை ஒரு பெண் துடைத்ததை உருக்கமாக வாசித்தேன். எனக்கு எதுவும் உறைக்கவில்லை.

அடுத்த வெள்ளி அவள் வரவில்லை. அதற்கடுத்த வெள்ளியும் இல்லை. அன்று அதே ஸ்தலத்தில், முகத்தைத் துடைத்த வரியில் நிறுத்தி, காலியாகக் கிடந்த தூணடியைப் பார்த்தேன்.

மறுநாள் விசாரித்துக்கொண்டு அவள் வீட்டுக்குப் போனேன். "வாங்க டீச்சர்" என்றவள் சட்டென்று முந்தானையை முகத்தில் இழுத்துவிட்டுக்கொண்டாள். நான் தடுமாறி மன்னிப்புக் கேட்டேன்.

"நீங்க சொன்னதுல தப்பில்ல டீச்சர். ஆஸ்பத்திரியில இருந்து வந்தப்ப எம் மகனே ஆறு மாசம் எங்கிட்ட அண்டலை. கோயில்ல ஏதாவது ஒரு புள்ள எம்மூஞ்சியப் பாத்துச் சிரிக்காதான்னுதான் அங்கன உக்காந்தேன்."

கம்பங்கூழ் கரைத்துக் கொண்டுவந்தவள் பாதியில் நின்றாள். "அய்யோ, ஒருசந்தியா இருப்பீகளே?"

"குடுங்க" என்று வாங்கிக் குடித்தேன். அப்போதுதான் அவளை நிமிர்ந்து பார்த்தேன். இமைமயிர் கருகிப்போன கண்கள். என் வயதுதான் இருக்கும். அத்தனை வாரமும் அவளைக் கிழவி என்று நினைத்திருந்தேன்.

அடுத்த வெள்ளி வந்தாள். புத்தகத்தை வேறொருவரிடம் கொடுத்துவிட்டு, பிள்ளைகள் பக்கம் அவளோடு உட்கார்ந்தேன். ஒரு குழந்தை அழுதது. அவள் எழப்போனாள், கையைப் பிடித்து இருத்தினேன்.

ஈஸ்டர் முடிந்து பங்குச் சாமியார் என்னைக் கூப்பிட்டு, நான் அவளோடு உட்கார்ந்ததைச் சொல்லி, "டீச்சருக்கு எம்புட்டு இரக்க மனசு!" என்று நாலு பேர் முன்னால் சொன்னார். அவளும் அங்கேதான் நின்றாள். நான் முன்பு சொன்ன வார்த்தையை அவர்களிடம் சொல்லியிருக்க வேண்டும். தலையைக் குனிந்துகொண்டேன். அடக்கம் என்று அவர்கள் நினைத்திருப்பார்கள்.