தோற்பவருக்கு ஒரு வாக்கு

சித்தப்பாவின் பெட்ரோல் நிலையத்துக்கு எதிரே, கோதுமை வயலின் வேலியில் அறைந்திருந்த நீலப் பலகைதான் முதலில் நினைவுக்கு வருகிறது. ஆள் உயரம் இருக்கும். வேட்பாளரின் பெயர் மட்டும் அதில் எழுதியிருக்கும். இங்கிலாந்தில் ஆடுகளும் கோதுமையும் தவிர அதிகம் எதுவுமில்லாத ஒரு தொகுதி அது. தேர்தல் வந்தால் வயல்காரர்கள் எல்லோரும் வேலியில் நீலப் பலகை அறைவார்கள். நீலக் கட்சிக்காரர் வெல்வார். பலகையைக் கழற்றிக் கொட்டிலில் வைத்து, அடுத்த முறை தூசி தட்டி எடுப்பார்கள். ஒஸ்லோவிலிருந்து விடுமுறைக்குப் போன பள்ளிக்காரியான எனக்கு, பிறகு எதற்குத் தேர்தல் வைக்கிறார்கள் என்பதே விளங்கவில்லை.

சித்தப்பா கடையில் எந்தப் பலகையும் வைக்கமாட்டார். டீசல் அடிக்க வருகிறவர்கள் அத்தனை பேரும் நீலம். ஆனால் வாக்களிக்கும் நாளில் சவரம் செய்து, சப்பாத்து மினுக்கி ஊர் மண்டபத்துக்குப் போய், எதிர்த்து நின்ற ஓய்வுபெற்ற ஆசிரியைக்கே ஒவ்வொரு முறையும் புள்ளடி போட்டுவிட்டு வருவார். "அந்த மனுசி தோக்கும் எண்டு தெரியும். தெரிஞ்சுதான் போட்டனான்" என்பார். வீட்டில் எல்லோரும் சிரிப்பார்கள். நான் சிரிக்கவில்லை. ஊரே ஒரு பக்கம் நின்றாலும் தனியாக மறுபக்கம் நிற்கிற மனிதர் என்று அவரைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டேன். பின்னாளில் ஒஸ்லோவில் ஒரு சின்னக் கட்சியில் சேர்ந்ததற்கு அவர்தான் காரணம் என்று பலரிடம் பெருமையடித்தும் இருக்கிறேன்.

கடைசியாக நடந்த தேர்தலில் அந்தத் தொகுதி நீலக் கட்சியின் கையைவிட்டுப் போனது. ஆசிரியை வென்றுவிட்டார். நான் தொலைபேசியில் சந்தோஷத்தில் கத்தினேன்.

"இந்தமுறை நான் அவவுக்குப் போடேல்லை, பிள்ளை" என்றார் சித்தப்பா. "அந்த நீலக்காரன் கடைக்கு வந்தவன். தோக்கப்போறன் எண்டு அவனுக்கே தெரிஞ்சிட்டுது. முகம் செத்துப்போய் நிண்டான். பாவமாய்க் கிடந்தது."

இத்தனை வருடமும் அவர் போட்டது கொள்கைக்கா, இரக்கத்துக்கா? இரக்கம் என்றால் நான் எதை நம்பி அரசியலுக்கு வந்தேன்? கோபம் வந்தது. அவர் மேலா, என் மேலா என்று பிடிபடவில்லை.

அடுத்த கோடையில் அவர் ஒஸ்லோவுக்கு வந்தார். இங்கேயும் தேர்தல் காலம். எங்கள் கட்சியின் வேட்பாளர் பட்டியலில், வெல்லவே வழியில்லாத கடைசி இடங்களில் ஒன்றில் என் பெயர் இருந்தது. மோர்டென்ஸ்ருட் ரயிலடியில் கட்சிகள் எல்லாம் பக்கத்துப் பக்கத்தில் கொட்டகை போட்டுக் கோப்பியும் வாஃபிளும் கொடுத்துக்கொண்டிருந்தன. சித்தப்பா வாஃபிளும் கையுமாக எங்கள் கொட்டகையில் வந்து நின்றார்.

"ஒருத்தரும் சண்டை பிடிக்கேல்லை. இஞ்சை ஆர் தோக்கிறது எண்டு எப்பிடித் தெரியும்?"

வாக்குக்கு ஏற்றபடி கட்சிகளுக்குக் கொஞ்சம் கொஞ்சம் இடம் கிடைக்கும் என்று விளக்கினேன். அவர் இன்னும் குழம்பிப்போனார்.

"நீ வெல்லுவியோ?"

"இல்லை, சித்தப்பா."

"அப்ப எனக்கு இஞ்சை வோட்டிருந்தால் உனக்குத்தான்."

"வெல்லுவன் எண்டால்?"

சித்தப்பா கையிலிருந்த வாஃபிளை மேசையில் வைத்தார். பிறகு, பக்கத்துக் கொட்டகைகளில் நின்றவர்களின் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்க்கத் தொடங்கினார்.