கார்டில் இல்லாத அம்மா

நில அளவைப் பயிற்சியில் என்னோடு படித்தவர் அவர். ஒல்லியான உருவம், எதற்கும் சிரித்துவிட்டுத்தான் பதில் சொல்வார். தன் அம்மா பயிர் செய்த குத்தகை நிலம், குத்தகைப் பதிவு இல்லாததால் கைவிட்டுப் போனதை, ஒருநாள் திருத்துறைப்பூண்டி பேருந்தில் என்னிடம் சொன்னார்.

மறுவாரம் வகுப்பில் ஒரு குத்தகை வழக்கை நடித்துப் பழகினோம். அவர் குத்தகைதாரர், நான் மிராசுதார். அவரவருக்குத் தந்த கார்டில் இருப்பதை மட்டுமே பேசலாம் என்பது விதி. நான் தோற்றுக்கொண்டிருந்தேன்.

“பதிவு இல்லாமத்தானே உங்கம்மா நிலத்த விட்டாங்க?” என்றேன்.

அவர் சிரித்தார். “என் கார்டுல அம்மாவே இல்லீங்களே மேடம்.”

வகுப்பும் சிரித்தது. அதற்குமேல் அவர் வாதாடவில்லை, நான் ஜெயித்தேன்.

மறுநாளும் பேருந்தில் எனக்கு இடம் பிடித்து வைத்திருந்தார். வழியெல்லாம் மழையைப் பற்றியே பேசினார். அம்மா எப்படி இருக்கிறார் என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை.