இரும்புக் கார்டு இல்லாத கார்

இன்று காலை சூரமங்கலத்தில், சும்மா நின்றுகொண்டிருந்த லாரியின் பின்னால் போய் மோதினேன். பக்கத்து சீட்டில் மகள்.

லாரிக்காரர் இறங்கி வந்தார். "ஏனுங்க, இத்தாச்சோடு பெரிய லாரி கண்ணுக்குத் தெரியலீங்களா?"

லாரியில் ஒரு கீறல் இல்லை. என் கார் பானெட் கொசுவம் வைத்த சேலை மாதிரி மடிந்திருந்தது.

நாமக்கல் லாரிப் பட்டறையில் சொல்லிச் செய்து, முன் பம்பரில் மாட்டியிருந்த இரும்புக் கார்டைப் போன மாதம்தான் மகள் கழற்ற வைத்தாள்.

"அது இருந்திருந்தா காருக்கு ஒண்ணும் ஆயிருக்காது" என்று புலம்பினேன்.

"காருக்கு ஆயிருக்காதுங்கப்பா. முன்னாடி மடங்காம, அத்தனை அடியும் நமக்குத்தான் வந்திருக்கும்."

மகளிடம் தோற்பது வீட்டில் பழக்கம்தான். நடுரோட்டில் இதுதான் முதல் தடவை.

"என்னங்கப்பா, பானெட்டையே பாத்துட்டு நிக்கறீங்க?"

"பட்டறைல எத்தன நாள் போட்டு வெப்பாங்களோன்னு யோசிக்கறேன் சாமி."

அதிகமாக நசுங்கியிருந்தது அவள் உட்கார்ந்திருந்த பக்கம்தான் என்பதைச் சொல்லவில்லை.